குட்டி டெஸ்க்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது, அப்டேட் மட்டும் வருவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மானிட்டருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும் அளவுக்குச் சின்னதான ஒரு டெஸ்க்டாப் பெட்டியைப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒருநாள்கூட அது என் வேலையை நிறுத்தியதில்லை. ஆனால் இயங்குதளத்தின் புதிய பதிப்பைப் போடப் போனபோது, இந்தக் கணினியில் இதை நிறுவ முடியாது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டது. அந்த வரி தந்த எரிச்சலில் படித்ததும், பிரித்துப் பார்த்ததும், செய்து பார்த்ததும்தான் கீழே இருப்பவை. இதே நிலையில் இருக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

"ஆதரவு முடிந்தது" என்கிறார்களே, அப்படியென்றால் சரியாக என்ன முடிகிறது?

ஒரேயடியாக எதுவும் முடிவதில்லை, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். முதலில் இயங்குதளத்தின் புதிய பதிப்பு வருவது நிற்கும். கொஞ்ச காலம் கழித்து, இருக்கிற பதிப்புக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் நிற்கும். அதற்கும் பிறகு பிரவுசர் மாதிரியான செயலிகள் ஒவ்வொன்றாக விலகிப்போகும்.

ஆப்பிளின் குட்டி டெஸ்க்டாப்பான மேக் மினியில் 2012 மாடலை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கிடைத்த கடைசி மேக்ஓஎஸ் (மேக் கணினிகளின் இயங்குதளம்) பதிப்பு, 2019-இல் வந்த கேட்டலினா. அந்தக் கேட்டலினாவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 வரை வந்தன. குரோம் பிரவுசர் 2024-இல் வந்த 128-ஆம் பதிப்போடு கேட்டலினாவைக் கைவிட்டது. ஆக, கடைசிப் பதிப்பு வந்ததற்கும் குரோம் நின்றதற்கும் நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. புதிய பதிப்பு வராததால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. திருத்தம் வராமல் போனால் ஆபத்து. பிரவுசரும் போய்விட்டால் அன்றாட வேலையே நடக்காது. உங்கள் பெட்டி இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய பொருளுக்கு எத்தனை நாள்தான் அப்டேட் கொடுப்பார்கள்? நாம் கோபப்படுவது நியாயமா?

நியாயம்தான் என்று நினைக்கிறேன். தயாரிப்பவர்கள் பக்கத்திலும் காரணம் உண்டு, அதை மறுக்கவில்லை: ஒவ்வொரு பழைய ப்ராசசரிலும் ஒவ்வொரு பழைய கிராபிக்ஸ் சிப்பிலும் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், சிப் தயாரித்தவரே அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுவதை நிறுத்தியிருப்பார், பழைய வன்பொருளில் இல்லாத பாதுகாப்பு வசதியைப் புதிய பதிப்பு எதிர்பார்க்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அதே பெட்டியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இன்றைய தேதி வரைக்குமான திருத்தங்களோடு ஓடும்போது "இந்த வன்பொருளால் முடியாது" என்ற பேச்சு எடுபடாமல் போகிறது. பல நேரங்களில் முடியாமல் இல்லை, செய்வதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை வாங்கும் நாளிலேயே சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் இல்லை. இத்தனையாம் வருடம் வரை திருத்தம் வரும் என்று பெட்டியின் மேல் அச்சடிக்கட்டும், நாம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் திசையில் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் என்று பெயர், அதன் முக்கியமான விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும், ஆதரவு எப்போது முடியும் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்புக்கு ஐந்து வருடம் போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் இதுவரை இல்லாத ஒன்று.

என் பெட்டியில் விண்டோஸ் 10 இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறவில்லை. ஏன்?

விண்டோஸ் 11 கேட்பவற்றில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும். மாட்டிக்கொள்வது வேறு இரண்டில். ஒன்று டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். பல பெட்டிகளில் அது இருந்தும் பயாஸில் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், உள்ளே போய் இயக்கினால் போதும், அதனால் அதை முதலில் பார்த்துவிடுங்கள். இன்னொன்று ப்ராசசரின் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் உண்டு. எட்டாம் தலைமுறை வந்ததே 2017-இல். 2016, 2017-இல் ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசசரோடு விற்ற எத்தனையோ குட்டிப் பெட்டிகள், அலுவலகங்களில் டஜன் கணக்கில் வாங்கிப் போட்டவை, எட்டு ஜிபி ரேமும் எஸ்எஸ்டி என்ற வேகமான, சுழலாத டிஸ்க்கும் இருந்தும் வெளியே நிற்பது இதனால்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டில் பயன்படுத்துபவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மாற்று ஏற்பாடு செய்துகொள்ளக் கிடைத்த அவகாசமாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேக் மினி வைத்திருப்பவர்கள் நிலை?

மாடலைப் பொறுத்தது. 2014 மாடலுக்கு மான்டரே என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு முடிந்தது. 2018 மாடலுக்கு செக்வோயா கடைசி, 2025 செப்டம்பரில் வந்த டாஹோ அதில் ஏறாது. அந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே 2025 ஜூனில் சொல்லிவிட்டது, ஆக இன்டெல் மேக் மினிகள் எல்லாமே வரிசைக்கு வெளியே வந்துவிட்டன. 2018 மாடலில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருப்பதால் லினக்ஸ் போடுவதற்கும் தனியாகத் திருத்திய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேவைப்படும். பழைய 2012 மாடலில் லினக்ஸ் போடுவது அதைவிட எளிது என்பது வருத்தமான விஷயம்.

திருத்தம் இல்லாமலே ஓட்டினால் என்ன ஆகிவிடும்? நான் கண்ட இடத்துக்கும் போவதில்லையே.

நீங்கள் எங்கும் போக வேண்டாம், அது உங்களைத் தேடி வரும். 2017 மே மாதம் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை இதற்குச் சரியான உதாரணம். அது யாரும் லிங்கை அழுத்துவதற்காகக் காத்திருக்கவில்லை, கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கு அப்போது திருத்தமே கிடையாது, நிலைமை கைமீறிய பிறகுதான் விதிவிலக்காக ஒன்று கொடுத்தார்கள். அடுத்த தடவையும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

அதனால் திருத்தம் நின்ற இயங்குதளத்தில் வங்கிக் கணக்கு, வரி, முக்கியமான மின்னஞ்சல் மூன்றையும் திறக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை, என் அப்பாவுக்கும் இதையேதான் சொன்னேன். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்றால், வாசலில் காவலாளி நிற்கிறார், பின்பக்கச் சுவர் இடிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

திடீரென்று எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்கிறது. பெட்டியின் ஆயுள் முடிந்ததா?

முதலில் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். என் பெட்டியில் ஒரு காலை இப்படித்தான் ஆனது. அப்டேட் நின்றதன் விளைவு என்று நினைத்து ஒரு மணி நேரம் பிரவுசரை நோண்டிக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடுவது கண்ணில் பட்டது. மதர்போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி ஒரு செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். பத்து வருடத்தில் அது தீர்ந்துபோகும். தீர்ந்தால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பழசுக்குப் போய்விடும். இது உண்மையான தளம்தான் என்று காட்டும் வெப்சைட்டின் சான்றிதழ் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருப்பதால், கணினியின் தேதி தப்பாக இருந்தால் எல்லாச் சான்றிதழுமே செல்லாததாகத் தெரியும். செல்லை மாற்றினேன், சரியாகிவிட்டது. சில குட்டிப் பெட்டிகளில் இந்தச் செல் ஒரு சின்ன ஒயரோடு, உறை போட்டு ஒட்டியிருக்கும், அவற்றில் அதே மாதிரி ஒயரும் கனெக்டரும் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் அப்படி வந்தால், தளங்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க இயங்குதளத்தில் இருக்கும் மூலச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் முடிவுக்கு வந்தபோது, பல பழைய கணினிகளில் நேற்றுவரை திறந்த தளங்கள் மறுநாள் திறக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று சொந்தமாகச் சான்றிதழ் பட்டியல் வைத்திருப்பதால் இந்தச் சிக்கலில் பெரும்பாலும் தப்பிக்கும். பழைய பெட்டிக்கு ஃபயர்பாக்ஸ் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரொம்ப மெதுவாகிவிட்டது. அப்டேட் நின்றதால்தானா?

இல்லை, இது வேறு கதை, இரண்டையும் கலக்காதீர்கள். உள்ளே இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. இந்தக் குட்டிப் பெட்டிகளில் பெரும்பாலும் லேப்டாப்பில் போடும் இரண்டரை அங்குல டிஸ்க்தான், பலவற்றில் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டால், ப்ராசசரைத் தொடாமலே வேறு கணினி மாதிரி ஆகிவிடும். நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான்.

இரண்டாவது தூசி. நான் முதல்முறை அடிமூடியைத் திறந்தபோது விசிறி சுத்தமாகத்தான் தெரிந்தது. விசிறியையே கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது: சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துணி போலத் தூசி படிந்து, காற்று போக வழியே இல்லாமல் அடைத்திருந்தது. இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், கிழியாமல் முழுசாக ஒரே துண்டாக வந்தது. ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். அன்று மாலையிலிருந்து விசிறிச் சத்தம் கேட்கவே இல்லை. சூடானால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நாம் அதை வயசு என்று நினைத்துக்கொள்கிறோம். காற்று ஊதிச் சுத்தம் செய்தால் விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் பரவாயில்லை, வீடியோ மட்டும் திக்குகிறது என்றால் அது கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை, சார்ந்த விவகாரம். 2012 காலத்து இன்டெல் சிப்புகளில் எச்.264 வீடியோவைப் பிரிக்கத் தனி வன்பொருள் உண்டு, யூடியூப் அனுப்பும் விபி9-க்கும் ஏவி1-க்கும் கிடையாது, அதனால் ப்ராசசரே முழுச் சுமையையும் இழுக்கிறது. எச்.264 மட்டும் அனுப்பச் சொல்லும் பிரவுசர் ஆட்-ஆன்கள் இருக்கின்றன. போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ரேம் கூட்டலாமா?

ஸ்லாட் இருந்தால் கட்டாயம், 8 ஜிபிக்காவது போங்கள். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் ரேம் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பாருங்கள். போர்டோடு ஒட்டி வைத்திருந்தால் வழியில்லை. 2014 மேக் மினி அப்படித்தான், அதற்கு முந்தைய 2012 மாடலில் அடிமூடியைத் திருகினால் ரேம் கைக்கே வந்துவிடும். பின்னால் வந்தது முன்னால் வந்ததைவிடப் பழுதுபார்க்கக் கடினமாக இருப்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

லினக்ஸ் போடு என்கிறார்கள். நான் கணினி படித்தவன் இல்லை, எனக்கு வருமா?

பிரவுசர், கடிதம், கணக்குத் தாள், பாட்டு, படம் இவைதான் உங்கள் வேலை என்றால் வரும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜிபி ரேமில் ஓடும், இன்னும் குறைவு என்றால் அதன் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. முதலில் பென் டிரைவில் போட்டு, டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, தூங்கப் போன பெட்டி திரும்ப விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மேக் மினிகளில் வைஃபை சிப்புக்கான டிரைவர் ஆரம்பத்தில் இல்லாமல் போகும், ரௌட்டரிலிருந்து ஒரு ஈதர்நெட் ஒயரைச் செருகிக்கொண்டால் அதை இறக்கி நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவுவதற்கு முன் பேக்கப். ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி நாலு கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் பேக்கப் எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

லினக்ஸில் தமிழில் தட்டச்ச முடியுமா?

முடியும், நான் இதை அங்கேதான் தட்டச்சுகிறேன். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை எல்லாம் பட்டியலில் வரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ். உங்களிடம் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இருந்தால் வேலை கொஞ்சம் உண்டு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பதினைந்து வருடக் கடிதங்களையும் கதைகளையும் எழுத்துரு தொலைந்து இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பழைய ஸ்கேனர், ஒரு கணக்கு மென்பொருள், 32-பிட் என்ற பழைய வகைச் செயலி ஒன்று, இப்படி எல்லோரிடமும் ஏதாவது இருக்கும். கேட்டலினாவோடு மேக்கில் 32-பிட் செயலிகள் ஓடுவது நின்றுபோனதால், வேண்டுமென்றே அதற்கு முந்தைய பதிப்பிலேயே தங்கியவர்கள் நிறையப் பேர். தங்கலாம், ஒரு நிபந்தனை: இணைய ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். வெளியுலகத் தொடர்பே இல்லாத பெட்டிக்குத் திருத்தம் இல்லாதது பெரிய குறையில்லை. ஸ்கேனர் மட்டும்தான் காரணம் என்றால் லினக்ஸில் சேன் என்ற அமைப்பு அதை அடையாளம் காண்கிறதா என்று பென் டிரைவ் சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

கட்டுப்பாட்டைத் தாண்டி விண்டோஸ் 11 அல்லது புதிய மேக்ஓஎஸ்ஸைப் போட்டுவிட முடியாதா?

முடியும். அதற்கென்று இலவசக் கருவிகள் இருக்கின்றன: விண்டோஸுக்கு ரூஃபஸ், மேக்குக்கு ஓபன்கோர் லெகசி பேட்சர். இரண்டையும் எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் ஒரு கண்டம்தான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு சில ப்ராசசர் கட்டளைகளைக் கட்டாயமாக்கியதால், அதுவரை ஓடிய மிகப் பழைய கணினிகளில் அது தொடங்குவதே இல்லை. நீங்களே சரிசெய்துகொள்பவர் என்றால் தாராளமாகப் போடுங்கள். அம்மா பயன்படுத்தும் பெட்டியில் போட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

லினக்ஸும் ஒருநாள் கைவிடாதா?

கைவிடும். 2025 ஆகஸ்டில் வந்த, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 13, 32-பிட் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் 64-பிட் ப்ராசசர் உள்ள பெட்டிக்கு இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

முக்கியக் கணினியாக வேண்டாம் என்றால் வேறு எதற்கு ஆகும்?

சும்மா இருக்கும்போது பல பெட்டிகள் 10 முதல் 15 வாட்தான் இழுக்கும் என்பதால் நாள் முழுக்க ஓடவிடக்கூடிய வேலைகள் இதற்குப் பொருத்தம். என் பெட்டி இப்போது வீட்டில் எல்லோருடைய போனிலிருந்தும் படங்களை வாங்கிச் சேமிக்கிறது, சின்க்திங் என்ற மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்கிறது. வைஃபை இல்லாத பழைய பிரிண்டரையும் இதில்தான் செருகியிருக்கிறேன், எந்த அறையிலிருந்தும் அச்செடுக்கலாம். பாட்டுப் பெட்டியாகவும் வைக்கலாம். எதற்கு வைத்தாலும் திருத்தம் வரும் லினக்ஸோடு வையுங்கள், வீட்டு நெட்வொர்க்கில் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கும் பெட்டி அது.

அடுத்த பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள். மூடி ஸ்குரூடிரைவரால் திறக்குமா, ரேமும் டிஸ்க்கும் கழற்றி மாட்டும் வகையா, அதில் லினக்ஸ் போட்டவர்கள் இருக்கிறார்களா, பயாஸ் அப்டேட்களைத் தயாரிப்பாளர் எத்தனை வருடம் வெளியிட்டிருக்கிறார், இவற்றை முதலில். பழைய பெட்டியையே குறைந்த விலையில் வாங்குவதென்றால் ப்ராசசர் தலைமுறையை நீங்களே கண்ணால் பார்த்து வாங்குங்கள், "ஐ5" என்று மட்டும் எழுதியிருப்பதில் ஒன்றும் தெரியாது.

எப்போதுதான் விடை கொடுப்பது?

மதர்போர்டு போனால். அல்லது உங்கள் அன்றாட வேலைக்குத் தேவையான ஒன்று எந்த இயங்குதளம் போட்டாலும் அதில் ஓடவே ஓடாது என்றால். 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்குப்பை சேர்ந்தது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு என்று ஐநாவின் அறிக்கை சொல்கிறது. ஓடுகிற பெட்டியை அந்தக் குவியலில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

யாருக்காவது கொடுப்பதானால் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, டிஸ்க்கை முழுசாக அழித்து, லினக்ஸ் போட்டு, ஓடுகிற நிலையில் கொடுங்கள். குப்பைக்குத்தான் போகிறதென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மின்குப்பை சேகரிப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அடாப்டரை மறக்காதீர்கள். இந்தச் சின்னப் பெட்டிகளில் பலவற்றுக்கு அது தனியாக வரும், வோல்டேஜும் செருகும் முனையும் ஒன்றுக்கொன்று மாறும், அடாப்டர் இல்லாமல் போன பெட்டியை அதன்பிறகு யாரும் ஆன் செய்துகூடப் பார்ப்பதில்லை. நான் பெட்டியின் அடியிலேயே அதன் வோல்டேஜை மார்க்கரால் எழுதி, அடாப்டரிலும் அதே எண்ணை எழுதி, இரண்டையும் ரப்பர் பேண்டால் கட்டித்தான் கொடுப்பேன்.